ரயிலின் தாமதத்துக்குப் பதிவேடு உண்டு, மனிதனின் தாமதத்துக்கு?

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமக் கிளைகளின் கூட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்முடைய கூட்டங்களில் வழக்கமாகப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறோம். ரேஷன் கார்டைப் பற்றிப் பேசுகிறோம். ஆபீசுகளில் தமிழில் மனு வாங்க மறுப்பதைப் பற்றிப் பேசுகிறோம். இன்றைக்கு ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதிலும் டாக்டர்கள் செய்கிற ஆராய்ச்சிக்கு அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டும் என்ற விஷயத்தைப் பேசப் போகிறோம். "மாத்திரைக்கே வழியில்லை, இதில் ஆராய்ச்சி ஒரு கேடா?" என்று பின்வரிசையில் ஒரு தோழர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. அவருக்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டோம். முதலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

எங்கே வைத்து நேரம் போனது?

நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் சுமை தூக்கும் தொழிலாளி. விளவங்கோடு தாலுகாவிலிருந்து பிழைக்க வந்து, இந்தப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தவர். வயது ஐம்பத்திரண்டு. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். ஓர் இரவு 10.40க்கு நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தார். வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். வேர்வை நிற்கவில்லை. 11.15க்கு ஆட்டோ கிடைத்தது. 11.35க்கு முதல் ஆஸ்பத்திரி. இ.சி.ஜி. எடுத்தார்கள்; அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் இல்லை. 12.20க்கு வேறு இடத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். வண்டி பிடித்துப் போய்ச் சேரும்போது மணி 1.05. அங்கே கார்டு எந்த மாநிலத்துக் கார்டு என்ற பேச்சு நடந்தது. முன்பணம் பற்றிய பேச்சும் நடந்தது. 1.50க்கு அங்கிருந்தும் அனுப்பினார்கள். 2.20க்கு மூன்றாவது ஆஸ்பத்திரியின் வாசலில் இறக்கினோம். டாக்டர் ஓடி வந்து கை வைத்தார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அவருடைய மனைவி நம்மிடம் கேட்டார்: "எங்க வச்சு அண்ணாச்சி நேரம் போச்சு?"

அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. மூன்று ஆஸ்பத்திரிகளிலும் சீட்டு உண்டு. சீட்டில் தேதி உண்டு. வந்த மணி இல்லை. ஊசி போட்டார்களா இல்லையா என்பதுகூடத் தெளிவாக இல்லை. ஆட்டோக்காரரைக் கேட்டோம். கைப்பேசியில் பதிவான அழைப்புகளைப் பார்த்தோம். அப்படி ஒட்டுப்போட்டு எடுத்த கணக்குத்தான் மேலே சொன்னது. மொத்தம் 220 நிமிடம். வீட்டில் 35, சாலையில் 95, இரண்டு ஆஸ்பத்திரிகளின் சுவருக்குள் 90.

தோழர்களே, இந்த 90 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். கணக்குப் போடும்வரை நாமெல்லாம் சாலையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். ஆம்புலன்ஸ் இல்லாததால் இறந்தார் என்று சுவரொட்டிகூட எழுதிவிட்டோம். ஆம்புலன்ஸ் உடனே வந்திருந்தாலும் அந்த 90 நிமிடம் குறைந்திருக்காது.

ரயில்வேயில் நாங்கள் செய்வது

நாங்கள் ரயில்வேயில் எழுத்து வேலை பார்ப்பவர்கள். பத்தாம் வகுப்பு படித்தவர்கள். மருத்துவம் நமக்குத் தெரியாது, பதிவேடு தெரியும். ஒரு வண்டி பாறசாலைக்கு வந்த நிமிடம், புறப்பட்ட நிமிடம் இரண்டும் எழுதப்படுகின்றன. அது குழித்துறையைத் தாண்டிய நிமிடம் அங்கே எழுதப்படுகிறது. வண்டி நேரம் இழந்தால் கன்ட்ரோலிலிருந்து கேள்வி வரும். சிக்னலா, கிராசிங்கா, எஞ்சினா என்று காரணம் சொல்லியாக வேண்டும். ஒரே இடத்தில் தினமும் நான்கு நிமிடம் போகிறது என்றால், மாதக் கடைசியில் அது கணக்கில் தெரிந்துவிடும். பிறகுதான் அந்த இடத்தில் என்ன செய்வது என்ற யோசனை வரும்.

இதைத்தான் டாக்டர்கள் ஆராய்ச்சி என்கிறார்கள். ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாயும் வெள்ளை எலியும் மட்டுமல்ல. நோயாளி எத்தனை மணிக்கு வந்தார், என்ன செய்தோம், எத்தனை நிமிடத்தில் செய்தோம், பிழைத்தாரா என்று ஒரே முறையில் ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றி எழுதிவைத்து, பிறகு மனச்சாட்சியோடு படித்துப் பார்ப்பதும் ஆராய்ச்சிதான். அவசர சிகிச்சை ஆராய்ச்சிகள் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

இதற்கு உதாரணம் தேடி லண்டன் போக வேண்டாம். நாம் நிற்கிற இந்தக் கேரளத்திலேயே நடந்திருக்கிறது. இருதய மருத்துவர் சங்கத்தின் கேரளக் கிளை, திருச்சூர் டாக்டர் பி.பி. மோகனன் முதலானோர் முன்னின்று, 2007 முதல் 2009 வரை 125 ஆஸ்பத்திரிகளில் ஒரு பதிவேட்டை நடத்தியது. மாரடைப்பும் அதைச் சேர்ந்த நெஞ்சுவலியுமாக வந்த 25,748 பேரின் விவரம் அதில் ஏறியது. 2013இல் முடிவு வெளியாயிற்று. அதில் என்ன தெரிந்தது? வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குப் பின் ஆஸ்பத்திரி சேர்ந்தவர்களுக்கு இறக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வாசலில் நுழைந்த அரை மணிக்குள் பெற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு பாதிக்கும் கீழே. இன்னொன்றும் தெரிந்தது. அந்த ஊசி தேவையில்லாத வகை நெஞ்சுவலிக்காரர்கள் பலருக்கும் அது போடப்பட்டிருக்கிறது. அது ஆபத்தைக் கூட்டியிருக்கிறது. டாக்டர்கள் தங்கள் தவறைத் தாங்களே எண்ணி, தாங்களே அச்சில் போட்டிருக்கிறார்கள். இதை நாம் பாராட்ட வேண்டும்.

பணம் யாருடையது?

அடுத்து அவர்கள் கேட்ட கேள்வி: குறை தெரிந்துவிட்டது, திருத்த என்ன வழி? சோதனைத் தாள், சரிபார்ப்புப் பட்டியல், மாதாமாதம் அந்தந்த ஆஸ்பத்திரிக்கே அதன் கணக்கைத் திருப்பிக் காட்டுவது, நோயாளிக்கு விளக்கத் தாள், அவசரத்தில் ஓடிவரும் குழுவுக்குப் பயிற்சி என்று ஒரு திட்டம் வகுத்தார்கள். 2014 நவம்பர் முதல் 2016 நவம்பர் வரை கேரளத்தின் 63 ஆஸ்பத்திரிகளில், 21,374 நோயாளிகளிடம் அதைச் செய்து பார்த்தார்கள். மோகனனும், டெல்லியில் பணிபுரியும் டாக்டர் பிரபாகரனும், அமெரிக்காவிலிருந்து டாக்டர் மார்க் ஹஃப்மனும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது.

அதற்குப் பணம் கொடுத்தது யார்? அமெரிக்க அரசின் தேசிய இருதய, நுரையீரல், இரத்த ஆராய்ச்சிக் கழகம். கேரளத்து நெஞ்சுவலிக்கு அமெரிக்க மக்களின் வரிப்பணம்! கொடுத்ததை நாம் குறை சொல்லவில்லை, நன்றி சொல்கிறோம். ஆனால் நம் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க அடுத்த ஊர்க்காரர் ஏணி கொண்டுவர வேண்டியிருக்கிறதே, அதைத்தான் கேட்கிறோம். அடுத்த ஊர்க்காரர் ஏணியை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம்.

2023-24ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில் சுகாதார அமைச்சகத்துக்கு 89,155 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் மருத்துவ ஆராய்ச்சித் துறையின் பங்கு 2,980 கோடி. நூறு ரூபாயில் மூன்று ரூபாய் சில்லறை. புற்றுநோய், காசநோய், தடுப்பூசி, ஆராய்ச்சிக்கூடங்கள், சம்பளம் எல்லாம் அந்த மூன்று ரூபாய்க்குள். இரவு ஒரு மணிக்குத் தாலுகா ஆஸ்பத்திரி வாசலில் என்ன நடக்கிறது என்று பார்க்க அதில் எத்தனை பைசா மிஞ்சும் என்பதை நீங்களே யோசியுங்கள்.

அந்த 63 ஆஸ்பத்திரி ஆய்வின் முடிவையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். முப்பது நாளுக்குள் மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம், பெரிய இரத்தப்போக்கு ஆகியவற்றைச் சேர்த்து எண்ணினார்கள். பழைய முறையில் நூற்றுக்கு 6.4, புதிய முறையில் 5.3. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மற்ற காரணங்களையெல்லாம் கழித்துப் பார்த்தபோது, திட்டத்தால்தான் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை. அப்படியே எழுதிவிட்டார்கள். "இதற்கா இத்தனை பணம்?" என்று சிலர் கேட்கலாம். இதற்குத்தான். அரசாங்கம் எத்தனை திட்டங்களுக்கு ரிப்பன் வெட்டுகிறது! எந்தத் திட்டம் பலன் தந்தது, எது தரவில்லை என்று யாராவது எண்ணிச் சொல்லியிருக்கிறார்களா? தாள் மட்டும் போதாது என்று தெரிந்துகொண்டது வீண் செலவில்லை. தெரியாமல் மாநிலம் முழுவதும் தாள் அச்சடித்துக்கொண்டிருப்பதுதான் வீண் செலவு.

தமிழ்நாட்டில் நடந்தது

எல்லைக்கு அந்தப் பக்கம் வேறொரு வழியைச் சோதித்தார்கள். கோயம்புத்தூர் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை டாக்டர் அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்ற முயற்சி அது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஜங்ஷனும் சிறு ஸ்டேஷனும் போன்ற ஏற்பாடு. ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் 4 பெரிய ஆஸ்பத்திரிகள் ஜங்ஷன்கள். அவற்றோடு இணைந்த 35 சிறு ஆஸ்பத்திரிகள் கிளை ஸ்டேஷன்கள். சிறு இடத்தில் இ.சி.ஜி. எடுத்தால் பெரிய இடத்தில் பார்ப்பார்கள். யாருக்கு அங்கேயே ஊசி, யாரை உடனே ஆம்புலன்சில் ஏற்ற வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானமான விஷயம். ஏழைக்கு அரசாங்கக் காப்பீடு பணம் கட்டும். வாசலில் முன்பணப் பேச்சு இல்லை. 2012க்கும் 2014க்கும் இடையில் 2,420 நோயாளிகளின் கணக்கை எடுத்தார்கள். ஏற்பாட்டுக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6, பின் 14.2. நூறு பேரில் மூன்று பேருக்கும் மேல் வீடு திரும்பி, ஓராண்டு கழித்தும் தங்கள் பிள்ளைகளோடு இருந்தார்கள். 2017இல் இது அச்சேறியது.

நம் சுமைத் தொழிலாளியின் 220 நிமிடத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் இடத்தில் எடுத்த இ.சி.ஜி.யைப் பார்க்க எங்கோ ஒருவர் விழித்திருந்தால் 45 நிமிடம் மிச்சம். இரண்டாவது இடத்துக்குப் போகவே வேண்டியிருக்காது. அவர் பிழைத்திருப்பார் என்று சத்தியம் செய்ய நாம் யார்? அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கும் என்று மட்டும் சொல்கிறோம்.

மலிவான மருந்துக்கு முதலாளி கிடையாது

கம்பெனிகள் ஆராய்ச்சி செய்கின்றனவே, அரசாங்கம் எதற்கு என்று ஒரு வாதம் உண்டு. அதற்கும் இரண்டு உதாரணம் சொல்கிறோம்.

மகாராஷ்டிரத்தில் கொங்கணப் பகுதியில் மகாட் என்று ஒரு ஊர். அங்கே செந்தேள் கொட்டி, வயல் வேலைக்காரர்களும் குழந்தைகளும் இறந்துகொண்டிருந்தார்கள். விஷம் கடுமையாக ஏறியவர்களில் நூற்றுக்கு 25 முதல் 30 பேர் வரை போய்விடுவார்கள். 1970களில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேலைக்கு வந்தவர் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். அவரிடம் ஆராய்ச்சிக்கூடம் இல்லை. படுக்கையருகே இரவெல்லாம் உட்கார்ந்து நாடி, இரத்த அழுத்தம், வேர்வை, மூச்சு என்று எழுதிக்கொண்டே போனார். தேள் விஷம் இருதயத்தைத் தாக்குகிறது என்பதும், எந்த அறிகுறி முதலில் வரும் என்பதும் அந்தக் குறிப்புகளில் தெரிந்தது. 1982இல் லண்டன் லான்செட் இதழில் எழுதினார். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிராசோசின் என்ற பழைய, மலிவான மாத்திரையைக் கொடுத்துப் பார்த்து, 1986இல் அதையும் எழுதினார். இன்று அந்தச் சாவு நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பட்டம் கொடுத்தது சரி. அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவருக்குத் துணையாக ஒரு எழுத்தரையாவது கொடுத்திருந்தால் இன்னும் எத்தனை ஆண்டு முன்னால் அந்த மாத்திரை கிராமங்களுக்குப் போயிருக்கும்?

இரண்டாவது உதாரணம் சாலை விபத்து. டிரனெக்சாமிக் அமிலம் என்ற மருந்து இரத்தப்போக்கைக் குறைக்கும். 1960களில் ஜப்பானில் கண்டுபிடித்தது. விபத்தில் அடிபட்டு இரத்தம் போகிறவருக்குக் கொடுத்தால் பிழைப்பாரா? பல பத்தாண்டு காலம் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஏன்? பழைய மருந்து, விலை குறைவு, சோதிக்கிற கம்பெனிக்கு லாபம் இல்லை. கடைசியில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிதியும் சில அறக்கட்டளைகளும் பெரும்பாலான பணத்தைப் போட, டாக்டர் இயன் ராபர்ட்ஸ் குழுவினர் 40 நாடுகளில் 274 ஆஸ்பத்திரிகளில் 20,211 பேரிடம் சோதித்தார்கள். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளும் அதில் பங்கு கொண்டன. 2010இல் முடிவு வந்தது. சாவு நூற்றுக்கு 16.0இலிருந்து 14.5ஆகக் குறைந்தது. சீக்கிரம் கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. மூன்று மணி நேரம் தாண்டிக் கொடுத்தால் பலன் இல்லாதது மட்டுமல்ல, கெடுதலாகவும் ஆகலாம்.

ஆகவே தோழர்களே, ஏழைக்கு உதவுகிற மலிவான மருந்துக்கும், யாரும் விற்க முடியாத "சீக்கிரம்" என்ற மருந்துக்கும் முதலாளி பணம் போட மாட்டான். பொதுப் பணம்தான் போட வேண்டும். அந்தப் பணத்தை எந்தக் கேள்விக்குச் செலவிடுவது என்று சொல்லத் தகுதியுள்ளவர், இரவு டியூட்டியில் வாசலில் நிற்கும் டாக்டர். அவரிடம் கேள்வி இருக்கிறது. நூறு நோயாளிகளைப் பார்த்த களைப்பில் அதை எழுத நேரம் இல்லை. ஆராய்ச்சி நிதி என்பது முதலில் அந்த நேரத்தை வாங்கும் பணம்.

இரண்டு ஆட்சேபணைகள்

இப்போது பின்வரிசைத் தோழருக்கு வருகிறோம். "முதலில் டாக்டரைப் போடு, மருந்தைப் போடு, வண்டியைப் போடு, ஆராய்ச்சி பிறகு" என்கிறார். நியாயமான கோபம். டாக்டரும் மருந்தும் வண்டியும் வேண்டும் என்ற கோரிக்கையில் ஒரு அங்குலம்கூட நாம் பின்வாங்கவில்லை. ஆனால் எத்தனை டாக்டர், எந்த ஆஸ்பத்திரியில், எந்த நேரத்துக்கு என்று கேட்க நம் கையில் கணக்கு வேண்டாமா? கணக்கு இல்லாமல் மனுக் கொடுத்தால் மந்திரி "ஆவன செய்யப்படும்" என்று எழுதுவார். "உங்கள் ஆஸ்பத்திரிகளின் சுவருக்குள் சராசரியாக இத்தனை நிமிடம் போகிறது" என்று டாக்டர்களே கையெழுத்திட்ட கணக்கோடு போனால், அதே மந்திரி அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சம்பளக் கமிஷன் முன்னால் விலைவாசிப் புள்ளி இல்லாமல் எந்தத் தொழிற்சங்கமாவது போயிருக்கிறதா?

இரண்டாவது ஆட்சேபணை இன்னும் ஆழமானது. ஏழையைச் சோதனை எலியாக்கிவிடுவார்களே என்ற பயம். இது வீண் பயம் அல்ல. ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 2009இல் ஏழைச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுத் தடுப்பூசி ஆய்வு நடத்தினார்கள். பல பேருக்குப் பெற்றோரின் முறையான சம்மதம் இல்லாமல், விடுதிக் காப்பாளர் கையெழுத்தில் ஊசி போடப்பட்டது. 2010இல் ஆய்வு நிறுத்தப்பட்டது; 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. அதற்கும் பணம் வெளிநாட்டு அறக்கட்டளையுடையதுதான். ஆகவே ஆராய்ச்சி வேண்டும் என்று கேட்கும் அதே மூச்சில், நம்மைக் கேட்காமல் செய்யாதே என்றும் கேட்கிறோம். அவசர நிலையில் நோயாளிக்கு நினைவே இருக்காது. அவர் சார்பில் யார் சம்மதிப்பது, எந்த மொழியில் விளக்குவது என்பது முதலிலேயே முடிவாக வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்த தாயிடம் மலையாளத் தாளில் கைநாட்டு வாங்குவதைச் சம்மதம் என்று நாம் ஏற்க முடியாது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அரசு அலுவலகங்களோடு தங்கள் மொழியில் தொடர்புகொள்ள உரிமை உண்டு என்று 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. மனுவுக்கு உள்ள உரிமை உயிருக்கு இல்லையா?

எல்லைக்கோட்டில் நிற்பவர்கள்

இந்த விஷயம் ஏன் நம் சங்கத்தின் விஷயம்? நம்மில் சிலர் எல்லையைக் கடந்து பிழைக்க வந்தவர்கள். சிலர் எங்கும் போகவில்லை; எல்லைதான் அவர்களிடம் வந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தன. நேசமணி அவர்கள் தலைமையில் நெய்யாற்றின்கரையின் தென்பகுதியையும் சேர்த்துக் கேட்டோம், அது கிடைக்கவில்லை. அந்தப் பழைய கணக்கை இன்று திறக்க வரவில்லை. மலையாளித் தோழர்களுக்கும் நமக்கும் ஒரே வாசல், ஒரே வரிசை, ஒரே காத்திருப்பு. பாறசாலையில் நெஞ்சு வலித்தால் வடக்கே திருவனந்தபுரம் முப்பது சொச்சம் கிலோமீட்டர். தெற்கே நாகர்கோவில் நாற்பது. எந்தப் பக்கம் திரும்புவது என்று ஆட்டோக்காரர் தீர்மானிக்கிறார். எது சரி என்று அவருக்குச் சொல்ல ஒரு கணக்கும் இல்லை. இந்தப் பக்கத்து நோயாளி அந்தப் பக்கம் போய் இறந்தால் இரண்டு மாநிலக் கணக்கிலும் பாதிக் கதைதான் இருக்கும்.

எல்லை என்பது உயிருக்கு என்ன செய்யும் என்று 2020 மார்ச்சில் காசர்கோடு பார்த்தது. கொரோனா என்று சொல்லி கர்நாடகம் தலப்பாடியில் சாலையை அடைத்தது. பல ஆண்டுகளாக மங்களூருக்குப் போய் வைத்தியம் பார்த்த காசர்கோட்டு நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிலர் வழியிலேயே இறந்தார்கள். ஏப்ரல் 1ஆம் தேதி கேரள உயர்நீதிமன்றம் வழிவிடச் சொல்ல வேண்டியிருந்தது. அவசர நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1989இலேயே பரமானந்த கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்ட நாடு இது!

நல்லதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு 2021 டிசம்பர் 18இல் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், அந்த மாநிலச் சாலையில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், எந்த நாட்டவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் இல்லை. மத்திய அரசும் 2025 மே மாதம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாள் வரை, 1.5 லட்ச ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை என்று அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் களியக்காவிளைக்கு நூறு மீட்டர் இப்பால் அடிபட்டவருக்கும் நூறு மீட்டர் அப்பால் அடிபட்டவருக்கும் நடப்பது ஒன்றுதானா? காகிதத்தில் உள்ளது வாசலில் கிடைக்கிறதா? அவசர எண்ணை அழைத்தால் நம் வயல்வெளியில் எந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறை எடுக்கிறது? இவை மேடையில் கேட்டுக் கைதட்டு வாங்குகிற கேள்விகள் அல்ல. எண்ணிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள்.

நம் கோரிக்கைகள்

இந்தக் கூட்டம் கீழ்க்கண்டவற்றை ஏற்க வேண்டும் என்று முன்மொழிகிறோம்.

ஒன்று: பாறசாலை, நெய்யாற்றின்கரை, குழித்துறை அரசு ஆஸ்பத்திரிகளிலும், திருவனந்தபுரம், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிகளிலும் அவசர நோயாளிகளுக்கு ஒரே மாதிரிப் பதிவேடு வேண்டும். வலி தொடங்கிய நிமிடம், வந்த நிமிடம், டாக்டர் பார்த்த நிமிடம், மருந்து ஏறிய நிமிடம், அனுப்பிய நிமிடம், அனுப்பிய காரணம் ஆகியவை எழுதப்பட வேண்டும்.

இரண்டு: அந்தப் பதிவேட்டை வைத்து அங்கே பணிபுரியும் டாக்டர்களே ஆய்வு நடத்த, இரு மாநில அரசுகளும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நிதி ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பதிவு எழுத்தர், ஒரு கணினி, டாக்டருக்கு வாரத்தில் ஒரு நாள் ஆய்வு நேரம். கோடிகளில் கேட்கவில்லை.

மூன்று: சம்மதத் தாளும், நோயாளி கையில் கொடுத்தனுப்பும் சீட்டும் மலையாளத்தோடு தமிழிலும் இருக்க வேண்டும். ஆய்வு நெறிக்குழுவில் ஊர்க்காரர் ஒருவர் இருக்க வேண்டும். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு: ஆண்டுக்கு ஒருமுறை முடிவை ஊருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். நல்ல முடிவானாலும் கெட்ட முடிவானாலும் கிராம சபையில் வாசிக்க வேண்டும். இங்கிலீஷ் சஞ்சிகையில் வந்தால் போதாது.

அரசாங்கத்தைக் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. அந்த 220 நிமிடத்தில் வீட்டில் போன 35 நிமிடம் நம்முடையது. நெஞ்சு அடைத்து வேர்த்தால் ஓமத் தண்ணீர் தேடாமல் வண்டி தேட வேண்டும் என்று ஒவ்வொரு கிளையும் வீடு வீடாகச் சொல்ல வேண்டும். வண்டி ஏறும்போது மணி பார்த்து ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைக்க வேண்டும். டாக்டரிடம் முதலில் அதைக் கொடுக்க வேண்டும். செலவில்லாத காரியம் இது. ஆட்டோ ஓட்டும் தோழர்கள் இதைப் பழக்கமாக்கிவிட்டால், பதிவேட்டின் முதல் வரியை நாமே எழுதியவர்கள் ஆவோம்.

அந்தச் சகோதரி கேட்ட கேள்விக்கு நாம் சொன்ன பதில் ஒட்டுப்போட்ட பதில். அவர் அதைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அடுத்தாள் வீட்டுக்காவது இத எழுதி வையுங்க அண்ணாச்சி" என்றார். அவர் சொன்னதைத்தான் தீர்மானமாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். கைதூக்கி நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறோம்.